கொட்டியாரம் முதல் வேலூர் வரை: சிறைப்பட்டோரும் அவர்தம் மக்களும்

அரசர் வரலாறும் போர் வரலாறும் எழுதியோர் பலர். சிறை வரலாறு எழுதியோரும் உளர். ஆயின் சிறைக்கு வெளியே நின்ற பிள்ளையின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலரே. ஒருவன் குற்றஞ் செய்தான்; நீதிமன்றம் அவனுக்குத் தண்டனை விதித்தது; வாயில் அடைபட்டது. அத்துடன் வழக்கேடு முடிகின்றது. அவன் இல்லத்தில் அன்று மாலை விளக்கேற்றியவர் யார், பிள்ளையை மறுநாட் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் யார், அப்பிள்ளை தன் தந்தையை அன்றித் தாயை மீண்டும் எப்பொழுது கண்டது என்பனவற்றை வழக்கேடு கூறுவதில்லை.

இவ்வினாக்கள் சிறியன அல்ல. பிள்ளை யாருடைய பொறுப்பில் வளர்தல் வேண்டும் என்பது ஒன்று. சிறையிலுள்ள பெற்றோருடன் அதற்குள்ள தொடர்பு எவ்வாறு காக்கப்படல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் வெவ்வேறு காலத்தார் வெவ்வேறு விடை கண்டனர். அவ்விடைகளுட் சிலவற்றை, நமது திருகோணமலைத் துறைமுகத்தின் கரையிலிருந்தே தொடங்கி, ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொட்டியாரத்துத் தந்தையும் மகனும்

திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவின் கரையிலே மூதூர் அமைந்துள்ளது. அங்கே நின்ற புளியமரமொன்றை மக்கள் 'வெள்ளைக்காரன் மரம்' எனச் சுட்டுவர். அம்மரத்தோடு தொடர்புடைய செய்தி, நம் மாவட்டத்து வரலாற்றிலே சிறைப்பட்ட தந்தையொருவனையும் அவன் மகனையும் பற்றியதாகும்.

1659ஆம் ஆண்டு நவம்பரில், மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடுவதற்குக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அதன் தலைவர் றொபேட் நொக்ஸ் என்பவர். அதே பெயர் பூண்ட அவர் மகனும் கப்பலில் இருந்தான். அவனுக்கு வயது 19. கண்டியில் அரசாண்ட இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள், 1660 ஏப்ரலில், கரையில் இருந்த தலைவரையும் அவருடன் இருந்தாரையும் பிடித்தனர். மகனும் அகப்பட்டான்.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதற்பாலது. கப்பலுக்குச் செய்தி கொண்டு செல்லுமாறு மகனைக் கரையிலிருந்து அனுப்பினர். அவன் கப்பலிலேயே நின்றிருப்பின் தப்பியிருப்பான். ஆனால் தன்னை இந்நிலையிற் கைவிடாது திரும்பி வருதல் வேண்டுமெனத் தந்தை ஆணையிட்டிருந்தார். மகன் வாக்களித்தான், செய்தியைச் சொல்லி முடித்து, தானாகவே கரைக்கு மீண்டு சிறையுட் புகுந்தான். கப்பல் அவர்களை விட்டுச் சென்றது. சிறைப்பட்டோர் 16 பேர்.

அரசனுடைய ஆட்கள் கைதிகளை வெவ்வேறு ஊர்களில் ஒவ்வொருவராகப் பிரித்து வைத்தனர். தந்தையையும் மகனையும் மட்டும், அவர்கள் வேண்டிக்கொண்டமையால், ஓரிடத்திலே இருக்க விட்டனர். இருவரையும் காய்ச்சல் பற்றியது. 1661 பெப்ரவரி 9ஆம் நாள் தந்தை இறந்தார். இறக்கும் முன், மகனைக் கப்பலிலிருந்து திரும்பி வருமாறு தாம் பணித்தமையை எண்ணி அவர் வருந்தினார். மகனோ நோயுடம்போடு தந்தையை அடக்கஞ் செய்து, மேலும் 18 ஆண்டுகள் கண்டி நாட்டிலே கழித்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். அவன் 1681இல் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூல் இன்றும் அக்காலத்தை அறிவதற்கு முதன்மையான சான்றாக உள்ளது.

இந்நிகழ்ச்சியிலே இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. சிறைப்பட்டவனைக் காண வேண்டும், அவனுடன் இருத்தல் வேண்டும் என்னும் ஆவல், பிள்ளையின் உள்ளத்தில் விடுதலை ஆசையினும் வலிதாக இருத்தல் கூடும் என்பது ஒன்று. பிள்ளையைத் தன்னுடன் வைத்திருக்க விழையும் பெற்றோரின் அன்பே பிள்ளைக்குச் சிறையாகவும் மாறக்கூடும் என்பது மற்றொன்று. மூத்த நொக்ஸின் இறுதி வருத்தம் இவ்விரண்டாம் உண்மையை அவர் உணர்ந்தமையைக் காட்டுகின்றது. இன்று நீதிமன்றங்கள் ஆராயும் வினாவும் இதுவே.

இளைய நொக்ஸ் மற்றொரு பிள்ளைக்குப் பாதுகாவலனாயினமையும் இங்கு நினைக்கத் தக்கது. அவனுடன் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் சிலர் இந்நாட்டுப் பெண்களை மணந்து வாழ்ந்தனர். அவருள் ஒருவருக்குப் பிறந்த லூசியா என்னும் சிறுமியை மணஞ் செய்யாதிருந்த நொக்ஸ் வளர்த்தான். தான் தப்பிச் சென்ற பின்னர், எலதெத்தையில் தான் விட்டுச் சென்ற வீடும் நிலமும் அவளுக்கே உரியன என எழுதியனுப்பினான். கைதியொருவன் மற்றொரு கைதியின் பிள்ளைக்கு வாழ்விடமும் வாழ்வுப் பொருளும் வகுத்தான். சட்டம் எதுவும் அவனை ஏவவில்லை.

பிணையாகிய பிள்ளைகள்

தன் விருப்பால் தந்தையுடன் சிறையுற்ற மகனைக் கண்டோம். தந்தையின் பொருட்டுத் தாமே சிறையுற்ற பிள்ளைகளையும் வரலாறு காட்டுகின்றது. பழைய அரசுகள் பிள்ளையைத் தனி உயிராகக் கருதவில்லை; தந்தையின் உடைமைகளுள் ஒன்றாகவே கருதின. உடைமையை அடகு வைத்தல் கூடுமாயின் பிள்ளையையும் அடகு வைத்தல் கூடும் அன்றோ?

1792இல் சீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்தபோது, தன் நாட்டிற் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாவையும் அளிக்க இசைந்தான். அத்தொகை முழுவதும் செலுத்தப்படும் வரை அவனுடைய மைந்தர் இருவர் பிணையாகக் கொள்ளப்பட்டனர். மூத்தவனுக்கு ஏறத்தாழ 10 வயது. இளையவனுக்கு ஏறத்தாழ 8 வயது. கோண்வாலிசுப் பிரபு அவர்களை அன்புடன் வரவேற்றதைச் சித்திரமாக எழுதி ஆங்கிலேயர் மகிழ்ந்தனர். ஆயினும் அப்பிள்ளைகள் தந்தையிடம் மீண்டது 1794இலேயே. அன்பான வரவேற்பும் பொன்னாடையும் இருந்தும், பிள்ளை தந்தையைக் காணும் நாளை நிச்சயித்தது கடன் கணக்கே என்பதை நாம் மறத்தலாகாது.

இலங்கையிலும் இவ்வழக்கம் இருந்தது. கண்டியரசர் தம் பிரதானிகளை மாகாணங்களுக்கு அனுப்பும்போது அவர்தம் மனைவி மக்களைத் தலைநகரிலேயே நிறுத்திக்கொள்வர். பிரதானி கலகஞ் செய்யின் குடும்பம் அதற்கு ஈடு செய்தல் வேண்டும். சப்பிரகமுவையின் திசாவையாகிய எகலப்பொல ஆங்கிலேயர் பக்கஞ் சேர்ந்தபோது, 1814இல், சிறுவர்களாகிய அவன் மக்கள் கொல்லப்பட்டனர். அவர்தம் தாயும் கொல்லப்பட்டாள். இளையவனாகிய மத்தும பண்டார அஞ்சாது முன்சென்ற செய்தியைச் சிங்கள மக்கள் இன்றும் போற்றுவர். அவ்வீரத்தைப் போற்றுவது தகும். ஆயினும் தந்தையின் செயலுக்குப் பிள்ளை விலை கொடுத்தமை நீதியன்று என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

வேலூர்க் கோட்டை

இக்கொடுமையைச் செய்வித்த அரசனும் விரைவிலே கைதியானான். கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய சிறீ விக்கிரம இராசசிங்கன், தென்னாட்டு நாயக்கர் குலத்தவன். 1815 பெப்ரவரியில் அவன் பிடிபட்டான். 1816 சனவரியிற் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு, தேவியருடனும் சுற்றத்தாருடனும் வேலூர்க் கோட்டையை அடைந்தான். அங்கேயே 1832 சனவரி 30ஆம் நாள் இறந்தான்.

அக்கோட்டைக்கு இது புதிதன்று. 1799இல் திப்பு வீழ்ந்தபின், முன்னர்ப் பிணையாகச் சென்று மீண்ட மைந்தர் உட்பட அவன் குடும்பத்தார் அங்கேதான் வைக்கப்பட்டனர். 1806 சூலையில் அங்கு சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தமையால் அவர்களைக் கல்கத்தாவுக்கு அகற்றினர். பத்தாண்டு கழிந்ததும் அக்கோட்டை கண்டியரச குடும்பத்திற்கு இடமாயிற்று. கண்டியரசனுக்கு மகனொருவன் வேலூரிலே பிறந்தான். அவன் தந்தை நாட்டைத் தன் கண்ணாற் கண்டதில்லை. மகப்பேறின்றி 1843இல் இறந்தான்.

குடும்பத்தைப் பிரியாது ஓரிடத்தில் வைத்தனர், ஓய்வூதியமும் அளித்தனர் என்று ஆங்கிலேயரின் கருணையைப் புகழ்வாரும் உளர். உண்மையில் அவர்தம் நோக்கம் வேறு. அரியணைக்கு உரிமை கூறும் வழித்தோன்றல் வெளியில் உலவுதல் ஆகாது என்பதே அவர் அச்சம். பழைய கண்டியரசு, தந்தையை அடக்குதற்குப் பிள்ளையைப் பிடித்தது. புதிய ஆங்கில அரசோ, தந்தையின் உரிமை பிள்ளைக்கு வருமென்று கருதிப் பிள்ளையையும் அடைத்தது. முறை வேறுபட்டது, பிள்ளையைத் தந்தையின் நிழலாகவே நோக்கிய கருத்து வேறுபடவில்லை.

கடிதமே உறவாகியமை

இருபதாம் நூற்றாண்டிலே சிறை சென்றோர் அரசர் அல்லர். விடுதலை விரும்பிய குடிமக்கள். அவர்தம் பிள்ளைகளை அரசாங்கம் அடைக்கவில்லை. ஆயினும் பெற்றோரைக் காணும் வாய்ப்பைச் சிறை விதிகள் கட்டுப்படுத்தின. அவ்வேளையிற் கடிதம் என்னும் எளிய கருவி எவ்வளவு செய்ய வல்லது என்பதற்கு நேருவின் வாழ்க்கை சான்றாகும்.

1930 அக்டோபரில் நைனிச் சிறையிலிருந்த நேரு, பதின்மூன்றாம் பிறந்த நாளை எய்திய தன் ஒரே மகளுக்குப் பரிசாக யாது கொடுப்பதென எண்ணினார். கைதியிடம் பொருள் ஏது? உலக வரலாற்றைக் கடிதங்களாக எழுதத் தொடங்கினார். 1933 ஆகஸ்டு வரை எழுதிய அக்கடிதங்கள் 196. பெருநூலகம் எதுவும் கையில் இல்லாத நிலையில், நினைவையும் தம் குறிப்பேடுகளையும் துணையாகக் கொண்டு அவற்றை எழுதினார். 1931ஆம் ஆண்டின் முதல் நாளிலே தாயாகிய கமலாவும் சிறைப்பட்டார். அப்பொழுது இந்திராவின் தந்தையும் தாயும் ஒருங்கே சிறையில் இருந்தனர். பாட்டனார் மோத்திலாலும் அடுத்த மாதமே காலமானார்.

நேருவின் வரலாற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. 1932இல் அவர் தாயாரும் மனைவியாரும் அலகாபாத்துச் சிறையில் உறவினர் ஒருவரைக் காணச் சென்றவிடத்து அவமதிக்கப்பட்டனர். அதனால் மனம் நொந்த நேரு, தம்மைக் காண எவரும் வருதல் வேண்டாவெனப் பல மாதங்கள் நேர்காணலையே துறந்தார். தன்மானம் போற்றற்குரியதே. ஆயினும் அம்மாதங்களில் தந்தையின் முகங் காணாதிருந்தவள் மகளும் ஆவாள். பார்க்க வருவோரைச் சிறை அலுவலர் நடத்தும் முறை பார்வையாளரை மட்டுமன்றி, வீட்டிலிருக்கும் பிள்ளையையும் தாக்குகின்றது என்பதை இதனால் அறிகின்றோம்.

நேருவின் மகள் பெற்ற பேறு எல்லார்க்கும் கிட்டுவதன்று. அவளுக்குச் செல்வம் இருந்தது. கற்பிக்க விடுதிப் பள்ளிகள் இருந்தன. தந்தையின் சிறைவாசத்தை நாடு பெருமையாகக் கொண்டாடியது. களவுக்கோ கைகலப்புக்கோ சிறை சென்றவனின் மகளுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பள்ளித் தோழியர் கேட்கும் வினாவுக்கு அவள் பொய் சொல்ல நேரும். அன்றேல் மௌனஞ் சாதிக்க நேரும். எனினும் தந்தையின் கையெழுத்தைக் காணும் ஆவல் இருவர்க்கும் ஒன்றே.

வழக்கமும் சட்டமும்

அரசர் பிள்ளையைப் பிணையாகக் கொண்ட காலத்தும், குடிமக்கள் அதனைக் காப்பதற்கு ஒழுங்கு வகுத்திருந்தனர். யாழ்ப்பாணத்து வழக்குகளைக் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அலுவலர் தொகுக்க, 12 முதலியார்கள் சரிபார்க்க, 1707இல் தேசவழமை சட்டமாயிற்று. தாய் இறந்து தந்தை மறுமணஞ் செய்ய விரும்பின், பாட்டனும் பாட்டியும் பிள்ளைகளைப் பொறுப்பேற்பது வழக்கம் என அது கூறுகின்றது. அவ்வாறு ஏற்கும்போது தாயின் சீதனம் முழுவதையும், திருமண காலத்தில் தேடிய தேட்டத்திற் பாதியையும் தந்தை பிள்ளைகளுடன் ஒப்படைத்தல் வேண்டும். சிறையைப் பற்றி அது பேசவில்லை. ஆயினும் அதனடியிலுள்ள கருத்து நமக்குப் பயன்படும்: பிள்ளை இடம் மாறும்போது, அதன் வாழ்வுக்கான பொருளும் உடன் செல்லுதல் வேண்டும். பேரப்பிள்ளையை ஏற்கும் அம்மம்மாவிடம் வெறும் சுமையை மட்டும் ஏற்றிவிடுதல் முறையன்று.

கிழக்கிலங்கையில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக அமைதலும், கணவன் மனைவி வீட்டிற்கு வந்து வாழ்தலும் வழக்கம். அதனால் தந்தை சிறை சென்றாலும் பிள்ளை வீட்டை இழப்பதில்லை. தாயின் சகோதரிமார் அண்டை வளவிலே இருப்பர். தாய் சிறை சென்றாலோ வீட்டின் நடுத்தூணே சாய்ந்ததாகும்.

இலங்கையின் பொதுச் சட்டம் உரோம ஒல்லாந்தச் சட்டமாகும். அதன்படி தந்தையே பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலருள் முதல்வன். பிள்ளையின் உயிருக்கோ உடல் நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ தீங்கு நேருமென்று கண்டாலன்றி நீதிமன்றம் அவ்வுரிமையிற் கை வைக்கத் தயங்கிற்று. காலப்போக்கில் இந்நிலை மாறி, பிள்ளையின் நலனே தலையாயது என்னும் கொள்கை வேரூன்றிற்று. நீதிமன்றமே பிள்ளைகள் அனைவர்க்கும் மேற்பாதுகாவலன் என்னும் கொள்கையும் அச்சட்டத்தில் உண்டு. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிய பிள்ளையை உறவினரிடமோ தகுதியுடைய பிறரிடமோ ஒப்படைக்க நீதிமன்றுக்கு அதிகாரம் அளித்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். பிள்ளையை நாள்தோறும் வளர்க்கும் பொறுப்பு வேறு. பெற்றோர் என்னும் உறவு வேறு. சிறைவாயில் அடைபடும்போது முன்னையது கைமாறுகின்றது, பின்னையது கைமாறுவதில்லை. சிறையிலிருப்பதனாலேயே ஒருவன் தந்தையல்லன் ஆகான். இதனை மறந்து, பாட்டி வீட்டிற்கோ விடுதிக்கோ பிள்ளை சென்றவுடன் பெற்றோரின் பெயரையே பேசாதொழிதல் பல குடும்பங்களிற் காணப்படும் பிழையாகும். இதற்கு மாறாக, சிறையிலிருப்பவன் பிள்ளையை எவ்வாற்றானும் காணவே கூடும் என்று வற்புறுத்தலும் பிழையே. பிள்ளைக்கோ அதன் தாய்க்கோ கொடுமை இழைத்துச் சிறை சென்றவனைக் காணுமாறு பிள்ளையைக் கட்டாயப்படுத்துதல், குற்றத்தைத் தொடரச் செய்வதாகும். அவரவர் நிலையை ஆராய்ந்து முடிவு செய்தலே நீதிமன்றின் கடன்.

வேலூரில் மீண்டும் ஒரு பிள்ளை

கண்டியரசனின் மகன் பிறந்த வேலூர், நம் காலத்திலும் இவ்வினாவைச் சந்தித்தது. 1991 மே 21ஆம் நாள் சிறீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் வேறு பலரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கிற் கைதான நளினி அப்பொழுது கருவுற்றிருந்தார். கணவர் முருகனும் கைதானார். 1992இற் காவலிலேயே அவர்களுக்கு மகள் பிறந்தாள். முதலிற் சிறையிலே தாயுடன் இருந்த அக்குழந்தை, பின்னர் இலங்கையில் தந்தைவழிப் பாட்டியிடம் வளர்ந்து, அதன்பின் பிரித்தானியாவுக்குச் சென்றாள்.

1999இல் உச்ச நீதிமன்றம் நளினியின் மரண தண்டனையை உறுதி செய்தது. கணவனை இழந்த சோனியா காந்தி, குழந்தையின் நிலையை நினைந்து, நளினியின் உயிர் காக்கப்படல் வேண்டுமென வேண்டினார். 2000ஆம் ஆண்டில் அத்தண்டனை ஆயுட் சிறையாகக் குறைக்கப்பட்டது. 2008 மார்ச்சில், தந்தையை இழந்த மகளாகிய பிரியங்கா வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியைக் கண்டார். சிறையிலிருந்து மகளுக்கு வரலாறு எழுதிய நேருவின் கொள்ளுப் பேர்த்தி அவர் என்பதை நாம் நினைவு கூரலாம்.

2019 சூலையில் மகளின் திருமண ஏற்பாட்டின் பொருட்டு, சென்னை உயர்நீதிமன்றில் நளினி தாமே வழக்காடி ஒரு மாத விடுப்புப் பெற்றார். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. இலங்கைக் குடிமகனாகிய முருகன், திருச்சிராப்பள்ளிச் சிறப்பு முகாமில் வைக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பிறக்கும்போதே சிறைப்பட்டிருந்த பெற்றோர் இருவரும் சிறை நீங்கியபோது மகளுக்கு வயது முப்பது.

அக்கொலையின் கொடுமையை எவ்வகையாலும் குறைத்துக் கூறல் ஆகாது. அன்று உயிர் துறந்தோர்க்கும் பிள்ளைகள் இருந்தனர். அவர்தம் இழப்பு எந்த விடுதலையாலும் நீங்குவதன்று. ஆயின் அக்குழந்தை குற்றம் யாதும் செய்ததில்லை. இதனை முதலில் உணர்ந்து உரைத்தவர், குற்றத்தால் மிகப் பெரிதும் பாதிக்கப்பட்ட குடும்பத்தவர் என்பதே அவ்வரலாற்றின் சிறப்பு.

பிள்ளையின் உரிமை

இந்திய உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரல் 13ஆம் நாள், உபாத்தியாய் என்பார் ஆந்திர மாநில அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கிலே, சிறையிலுள்ள தாய்மாரின் குழந்தைகளைக் குறித்து விரிவான நெறிகளை வகுத்தது. இயன்றவரை மகப்பேறு சிறைக்கு வெளியே நிகழ்தல் வேண்டும். சிறையிற் பிறப்பினும் பிறப்புச் சான்றிதழிற் சிறையைப் பிறந்த இடமாகக் குறித்தல் ஆகாது. 6 வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம்; அதற்குப் பின் தாயின் விருப்பப்படி தக்கவரிடமோ, சமூக நலத் துறையின் இல்லத்திலோ ஒப்படைக்கப்படும். அவ்வில்லம் இயன்றவரை சிறை அமைந்த நகரிலேயே இருத்தல் வேண்டும். இல்லத்திலுள்ள குழந்தை வாரம் ஒரு முறையேனும் தாயைக் காணுதல் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவிலும் நம் நாட்டைப் போன்றே உரோம ஒல்லாந்தச் சட்டம் நிலவுகின்றது. ஆங்கே 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு படி முன்சென்றது. மோசடிக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்ற தாயொருத்தி, மூன்று ஆண் மக்களைத் தனித்து வளர்த்து வந்தாள். பிள்ளைகளைப் பேணும் முதன்மைப் பொறுப்புடையவருக்குத் தண்டனை விதிக்கும்போது, அத்தண்டனை பிள்ளைகளை எவ்வாறு பாதிக்கும் என்பதை நீதிபதி தனியாக ஆராய்தல் வேண்டும் என்று அம்மன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் அல்பி சாக்ஸ். இனவொதுக்கல் ஆட்சியிலே தாமே சிறையிருந்தவர். பிள்ளை பெற்றோரின் ஓர் உறுப்பன்று, தனக்கெனத் தனி மாண்புடையது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயம் 1989 நவம்பர் 20ஆம் நாள் ஏற்கப்பட்டது. இலங்கை 1991இல் அதனை ஏற்புறுதி செய்தது. பெற்றோரைப் பிரிந்த பிள்ளை, தன் நலனுக்கு மாறாக இருந்தாலன்றி, அவர்களுடன் ஒழுங்காகத் தொடர்பு கொள்ளும் உரிமை உடையது என அதன் 9ஆம் உறுப்புரை கூறுகின்றது. அரசின் செயலால், அதாவது சிறையாலோ நாடுகடத்தலாலோ அப்பிரிவு நேர்ந்ததாயின், பெற்றோர் எங்குள்ளார் என்னும் செய்தியைக் கேட்கும் குடும்பத்தார்க்கு அறிவித்தல் அரசின் கடன் எனவும் அது கூறுகின்றது. 2015இற் புதுக்கப்பட்ட சிறை விதிகள், கைதியை இயன்றவரை அவன் வீட்டுக்கு அண்மையில் வைத்தல் வேண்டுமென வற்புறுத்துகின்றன. நெல்சன் மண்டேலாவின் பெயர் தாங்கிய அவ்விதிகள், தாயுடன் சிறையிலிருக்கும் குழந்தையை ஒருபோதும் கைதியாக நடத்தலாகாது எனவும் விதிக்கின்றன.

இவையனைத்தின் உட்பொருள் ஒன்றே. முன்னாளில் நேர்காணல் என்பது நன்னடத்தைக்காகக் கைதிக்கு அளிக்கப்படும் சலுகை. சலுகையாயின் அதனைத் தண்டனையாக நிறுத்தவும் கூடும். அதனைப் பிள்ளையின் உரிமையாகக் கொண்டால், தந்தையின் குற்றத்துக்காகப் பிள்ளையின் உரிமையை நிறுத்துவது எங்ஙனம்?

பாலையூற்றில் ஒரு வீடு

இக்கொள்கை நம் ஊர்களில் எவ்வாறு பயன்படும் என்பதை எண்ணுவோம். பாலையூற்றிலே ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். தந்தை விளக்கமறியலிலே திருகோணமலைச் சிறையில் இருக்கும்வரை, தாயும் பிள்ளையும் சிறு தொலைவு சென்று அவனைக் காணலாம். தண்டனை பெற்று அவன் கொழும்புக்கு மாற்றப்பட்டால், இடையே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒரு நாட் கூலி, இருவழிப் பயணச் செலவு, பிள்ளையின் பள்ளி நாள் ஆகிய மூன்றையும் இழந்தே சில நிமிட நேரம் அவன் முகத்தைக் காணல் வேண்டும். எந்தச் சட்டமும் சந்திப்பைத் தடை செய்யவில்லை. தூரமும் வறுமையும் தடை செய்கின்றன. எனவே கைதியை எச்சிறையில் வைப்பது என்பது நிருவாகச் செய்தி மட்டுமன்று. பிள்ளையின் வாழ்க்கைச் செய்தியுமாகும்.

2018 மார்ச்சிற் கிளிநொச்சியில் நிகழ்ந்தது பலர்க்கும் நினைவிருக்கும். ஆயுட் தண்டனை பெற்ற தமிழ் அரசியற் கைதியொருவரின் மனைவி நோயால் இறந்தார். இறுதிச் சடங்குக்காகச் சில மணி நேரம் காவலருடன் அழைத்துவரப்பட்ட தந்தை, சிறை வண்டியில் ஏறியபோது, அவருடைய சிறு மகள் பின்தொடர்ந்து தானும் அவ்வண்டியில் ஏறினாள். அவர் மன்னிக்கப்படல் வேண்டுமென மாணவர் உட்படப் பலர் கையொப்பமிட்டுச் சனாதிபதியை வேண்டினர். கொட்டியாரத்தில் நொக்ஸின் மகன் தந்தையை நாடிக் கரை மீண்டு 358 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவனை அழைத்தது தந்தையின் ஆணை. இவளை எவரும் அழைக்கவில்லை. தாயை இழந்த பிள்ளைக்குத் தந்தை இருக்கும் இடமே வீடாகத் தோன்றிற்று.

அத்தகைய பிள்ளைக்குச் செய்யத்தக்கன பல. பெற்றோர் கைதாகும் அந்நாளிலேயே, பிள்ளை யாரிடம் உள்ளது என வினவி எழுதிக்கொள்ளுதல் காவல் துறைக்கு இயலாததன்று. மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் உறவினர் வீட்டை ஆராய்ந்து பிள்ளையை அங்கே அமர்த்தலாம். விடுதியை இறுதி வழியாகக் கொள்ளலாம். பேரப்பிள்ளையை வளர்க்கும் முதியோர்க்கு உதவித் தொகை அளித்தல், தேசவழமை வகுத்த பழைய நீதிக்கு ஒத்ததே. நோர்வேயிற் சிறைதோறும் பிள்ளைகளின் சந்திப்பைக் கவனிக்கும் பொறுப்பு ஓர் அலுவலருக்கு உண்டு. நம் சிறைகளிலும் ஒருவரை அவ்வாறு நியமித்தற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை.

ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. வகுப்பிலே ஒரு பிள்ளையின் தந்தை சிறையில் இருப்பதை அறிந்தால், அதனை மற்றோர் அறிய உரையாதிருத்தல் முதற் கடமை. பெற்றோர் கையொப்பம் கேட்கும் பத்திரத்திற் பாதுகாவலரின் கையொப்பத்தை ஏற்பது இரண்டாவது. தந்தைக்குக் கடிதம் எழுத விரும்பும் பிள்ளைக்குத் தாளும் நேரமும் தருவது மூன்றாவது. உடன் பயிலும் மாணவர் செய்யத்தக்கது இவற்றினும் எளிது: அப்பிள்ளையை விளையாட்டிலிருந்து விலக்காதிருத்தலே அது.

வரலாறு நமக்குக் காட்டுவது இது. அரசுகள் பிள்ளையைப் பிணையாக்கின; பின்னர்ப் பெற்றோருடன் சேர்த்து அடைத்தன; பின்னர்ப் பெற்றோரிடமிருந்து பிரித்து மறந்தன. அதனைத் தனி உயிராக மதிக்கத் தொடங்கியது அண்மைக் காலத்திலேதான். அம்மதிப்புச் சட்டநூலில் ஏறிவிட்டது. சிறைவாயிலிலும் பள்ளி வகுப்பிலும் அயல் வீட்டிலும் அது இன்னும் ஏறுதல் வேண்டும். தண்டனை குற்றஞ் செய்தவனோடு நிற்றல் வேண்டும் என்பது எல்லா நாட்டு நீதிக்கும் பொது. சிறைப்பட்டோரின் பிள்ளையிடம் நாம் நடந்துகொள்ளும் முறையே, அந்நீதியை நாம் மெய்யாக நம்புகின்றோமா என்பதை அளக்கும் கோலாகும்.